நிலவறையில் கிடக்கும் ஆண்டுகள்: போல் ரோஜே குடும்பத்தின் ஷாம்பேன்

1900 பிப்ரவரி 23. பிரான்சின் வடகிழக்கில், மார்ன் ஆற்றங்கரையில் இருக்கும் எப்பெர்னே நகரம் உறங்கிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் மண்ணுக்கடியில் இடி உருண்டதுபோல் ஒரு முழக்கம், சற்றைக்கெல்லாம் இன்னொன்று. வெளிச்சம் வந்து பார்த்தால், ஷாம்பேன் எனப்படும் நுரைக்கும் ஒயினைச் செய்யும் போல் ரோஜே நிறுவனத்தின் நிலவறைகள் இடிந்து உள்வாங்கியிருந்தன. மேலே நின்ற கட்டடங்களும் அவற்றோடு இறங்கிவிட்டன. ஈரம் ஊறிய பாறை பாரத்தைத் தாங்கவில்லை. 500 பீப்பாய் ஒயினும் 15 லட்சம் பாட்டில்களும் மண்ணுக்குள் போயின.

நிறுவனத்தைத் தொடங்கிய போல் ரோஜே காலமானது அதற்கு முந்தைய ஆண்டில்தான். பொறுப்பு மகன்கள் மொரிஸ், ஜோர்ஜ் இருவரின் கைக்கு வந்த சூட்டிலேயே இந்த அடி. சுரங்கம் வெட்டி உள்ளே போய், மிஞ்சியதையாவது எடுக்கலாமா என்று யோசித்தார்கள். ஒரு மாதத்துக்குள் பக்கத்தில் இன்னொரு சரிவு நேர்ந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். புதைந்தது புதைந்ததாகவே விடப்பட்டது.

நெல் கிடங்கு தீப்பிடித்தால் நட்டம் பெரிதுதான். ஆனால் அடுத்த அறுவடை வந்ததும் கிடங்கு நிறையும். ஷாம்பேன் நிலவறை அப்படி நிறையாது. அன்று புதைந்தவற்றில் 1880களின் கடைசியில் விளைந்த திராட்சையிலிருந்து வந்த ஒயினும் இருந்திருக்கக்கூடும். பணம் கொடுத்தால் திராட்சை கிடைக்கும், பாட்டில் கிடைக்கும், ஆள் கிடைப்பார்கள். பன்னிரண்டு ஆண்டு முதிர்ச்சியை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. இந்தத் தொழிலில் சரக்கு என்பதே காலம்தான். காத்திருப்பின் செலவை யார் சுமப்பது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் குடும்பத்தின் கதை முழுவதும் சுழல்கிறது என்பது என் கணிப்பு.

மகன் பெயர், தந்தை பெயர்

போல் ரோஜே, எப்பெர்னேயை ஒட்டிய ஆயி என்ற ஊரில் ஒரு நோட்டரியின் மகன். தந்தை நோயில் விழுந்து தொழிலை நடத்த முடியாமல் போனதால், 18 வயதில் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. 1849-இல் ஒயின் வணிகம் தொடங்கினார்; 1851-இல் எப்பெர்னேக்கு மாறினார். அவர் இறங்கிய காலமும் கைகொடுத்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் ஷாம்பேன் செய்வது சூதாட்டம்போல்தான் இருந்தது: உள்ளே கூடிய அழுத்தம் தாங்காமல் பாட்டில்கள் நிலவறையிலேயே வெடித்துச் சிதறும், ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் போகும். 1830களில் பிரான்சுவா என்ற மருந்தாளுநர், ஒயினில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையை அளந்து, எவ்வளவு சேர்த்தால் பாட்டில் தாங்கும் என்று கணக்கிடும் வழியை வகுத்த பிறகே சேதம் குறைந்தது. துறவி தோம் பெரிஞோன் நுரையைக் ‘கண்டுபிடித்தார்’ என்று ஊரெல்லாம் சொல்லும் கதைக்கு ஆதாரம் கிடையாது. அவர் காலத்தில் நுரை ஒரு கோளாறு. அதைத் தவிர்க்கத்தான் அவர் பாடுபட்டார்.

தொடக்கத்தில் போல் ரோஜே பெரும்பாலும் பிற நிறுவனங்களுக்காக ஒயின் செய்து கொடுத்தார். சொந்தப் பெயர் வேரூன்றியது 1870களில், அதுவும் இங்கிலாந்தில். இனிப்பு மிகுந்த ஷாம்பேனைப் பிரெஞ்சுக்காரர்களும் ரஷ்யர்களும் விரும்பிய நாளில், ஆங்கிலேயர் இனிப்பற்றதைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதை அவர் கொடுத்தார். 1877-இல் பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு ஒயின் வழங்கும் உரிமை முத்திரையும் கிடைத்தது.

தந்தை இறந்தபின் மகன்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, குடியரசுத் தலைவரின் ஆணை பெற்றுத் தங்கள் குடும்பப் பெயரையே ‘போல்-ரோஜே’ என்று மாற்றிக்கொண்டது. ‘போல்’ தந்தையின் சொந்தப் பெயர், ‘ரோஜே’ குடும்பப் பெயர். இரண்டும் சேர்ந்து சந்ததிக்குரிய பெயராயின. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமந்து திரியும் நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் இதில் வணிகக் கணக்கு உண்டு: பாட்டில் மேல் இருக்கும் பெயரும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவரின் பெயரும் இனி ஒன்றே. நிலவறை சரிந்தபோது அந்தப் பெயரைத் தவிர அவர்களிடம் அடகு வைக்கப் பெரிதாக வேறொன்றும் இருந்திருக்காது.

ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளும் நாட்கள்

சரிவின் அளவு புரிய வேண்டுமானால் ஷாம்பேன் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்று திராட்சைகள்: பினோ நுவார், முனியே, ஷார்டனே. முதல் இரண்டின் தோல் கறுப்பு, சாறோ வெளுப்பு. தோலின் நிறம் சாற்றில் இறங்காதபடி மெதுவாகப் பிழிய வேண்டும் என்பதால் இயந்திர அறுவடைக்கு ஷாம்பேன் வட்டாரத்தில் அனுமதியில்லை, பறிப்பதெல்லாம் கையால்தான். 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது. அதிலும் முதல் 2,050 லிட்டர்தான் உயர்வாகக் கருதப்படும்.

சாறு முதலில் சாதாரண ஒயினாகப் புளிக்கிறது. குளிர்ப் பிரதேசத்துத் திராட்சை என்பதால் அது புளிப்பேறிய, முரட்டு ஒயின். அப்படியே குடித்தால் முகம் சுளிக்கும். பிறகு கலவை. வெவ்வேறு ஊர்களின், வெவ்வேறு திராட்சைகளின் ஒயின்களோடு முந்தைய ஆண்டுகளில் எடுத்துவைத்த சேமிப்பு ஒயினையும் சேர்த்து, ஆண்டுதோறும் ஒரே சுவை வருமாறு கலக்குகிறார்கள். போல் ரோஜேயின் அடிப்படை ஒயினில் மூன்று திராட்சைகளுக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீதம் இடம்.

கலந்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றும்போது லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். ஆப்ப மாவில் ஊற்றிய கள் மாவைப் பொங்க வைப்பது நமக்குத் தெரியும். அந்தப் பொங்கலை ஒரு பாட்டிலுக்குள் அடைத்து வாயைக் கட்டிவிட்டால் என்னவாகும்? வெளியேற வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. அழுத்தம் ஆறு வளிமண்டலம்வரை ஏறுகிறது. கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. சர்க்கரையைத் தின்று தீர்த்த ஈஸ்ட் மடிந்து வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலோடு ஒயின் கிடக்கும் காலத்தில்தான் ரொட்டி வாசனையும் முந்திரிப் பருப்பின் சாயலும் கூடிவருகின்றன.

எவ்வளவு காலம் கிடக்க வேண்டும்? சட்டம் கேட்பது, ஆண்டு குறிப்பிடாத ஷாம்பேனுக்குப் பாட்டிலில் 15 மாதம், அதில் வண்டலோடு குறைந்தது 12 மாதம். ஆண்டு குறிப்பிட்டதற்கு மூன்று ஆண்டு. போல் ரோஜே தன் அடிப்படை ஒயினையே நான்கு ஆண்டுகள் அளவில் உறங்க விடுகிறது. கேட்க எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால் வேர்க்கும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பாட்டில் விற்கும் ஒரு நிறுவனம் சட்டப்படி மட்டும் நடந்தால் பன்னிரண்டரை லட்சம் பாட்டிலைக் கையிருப்பில் வைத்தால் போதும். நான்கு ஆண்டு என்றால் நாற்பது லட்சம். கூடுதலாக இருபத்தேழரை லட்சம் பாட்டில் அளவு முதலீடு, ஒரு காசு வருமானமின்றி இருட்டில் படுத்திருக்கிறது. ஆறு மாதம் முன்னதாக எடுத்து விற்றால் ஒரு தொகை உடனே கைக்கு வரும், குடிப்பவர்களில் பலருக்கு வித்தியாசமும் தெரியாது. இந்தச் சபலம் ஒவ்வோர் ஆண்டும் வந்து கதவைத் தட்டும்.

இந்த நிறுவனத்தின் நிலவறை அந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டுகிறது. மொத்தம் ஏழரை கிலோமீட்டர் நீளம். ஆழமான பகுதி தெரு மட்டத்திலிருந்து 33 மீட்டர் கீழே. அங்கே வெப்பநிலை ஆண்டு முழுவதும் 9 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது. ஊரின் மற்ற பல நிலவறைகளைவிடக் குளிர்ச்சி. குளிரில் ஈஸ்ட் சோம்பலாக வேலை செய்யும், ஆகவே நுரை பிடிப்பதே தாமதமாகும். நுண்ணிய குமிழிக்கு அதுதான் காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

கடைசியில் வண்டலை நீக்க வேண்டும். பாட்டில்களைத் துளையிட்ட சாய்பலகைகளில் செருகி, நாள்தோறும் சிறிது திருப்பிச் சிறிது சாய்த்து, வண்டல் முழுவதும் கழுத்துக்கு இறங்கும்வரை செய்யும் வேலைக்கு ரெமுவாஜ் என்று பெயர். சில வாரங்கள் பிடிக்கும். தேர்ந்த கைக்காரர் ஒருவர் ஒரே நாளில் 50,000 பாட்டில்வரை திருப்பிவிடுவார். 1970களில் வந்த இயந்திரக் கூண்டுகள் இதையே ஒரு வாரத்தில் முடித்துவிடுகின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு மாறிவிட்டன. போல் ரோஜேயில் இன்றும் எல்லாப் பாட்டில்களையும் மனிதக் கைதான் திருப்புகிறது. பிறகு கழுத்தை உறைய வைத்து, மூடியைத் திறந்ததும் உறைந்த வண்டல் துள்ளி வெளியேறுகிறது. சிறிது இனிப்பு ஒயினை ஊற்றி நிரப்பித் தக்கையை அடிக்கிறார்கள். தெளிந்த மதுவைத் தமிழில் ‘தேறல்’ என்று சொன்னவர்களுக்கு இந்த வேலையின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியிருக்காது.

கையால் திருப்பிய ஒயினை இயந்திரம் திருப்பிய ஒயினிலிருந்து சுவையை வைத்துப் பிரித்தறிய முடியும் என்று நான் நம்பவில்லை. குளிரும் காலமும் சுவையை மாற்றுகின்றன. கை மாற்றுவதாகத் தெரியவில்லை. அப்படியானால் இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடலாமா? முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. கையால் திருப்பும் நிறுவனம் அவசரப்பட முடியாது. திடீரென்று உற்பத்தியை இரட்டிப்பாக்கவும் முடியாது. பேராசைக்குத் தானே போட்டுக்கொண்ட தாழ்ப்பாள் அது.

தன் பெயரில் பணம் அடித்த நகரத்தந்தை

சரிவுக்குப் பிறகு நிறுவனம் மெல்ல எழுந்தது. அந்தப் பத்தாண்டுகளை வேகமாகக் கடந்து 1914 செப்டம்பருக்கு வருகிறேன். மொரிஸ் போல்-ரோஜே அப்போது எப்பெர்னேயின் மேயர். ஜெர்மானியப் படை நெருங்கியதும் அரசு அதிகாரிகள் வெளியேறினார்கள். பொதுப்பணமும் அவர்களோடு போயிற்று. ஊரில் ரொட்டி வாங்கச் சில்லறை இல்லை. மொரிஸ் தன் சொந்தப் பொறுப்பில் பணத்தாள் வெளியிட்டார். மக்கள் அதை வாங்கிப் புழங்கினார்கள். ஒரு வாரம் நீடித்த ஆக்கிரமிப்பில், அவரைச் சுட்டுவிடுவோம், ஊரைக் கொளுத்துவோம் என்று ஜெர்மானியர் மிரட்டினார்கள். அவர் நகரவில்லை.

வீரக் கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. எனக்கு அந்தப் பணத்தாள்தான் முக்கியமாகப் படுகிறது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சரக்கை மண்ணில் தொலைத்தவர் கையெழுத்தை ஒரு நகரமே காசாக ஏற்றுக்கொண்டது. இழப்புக்குப் பிறகு அந்தக் குடும்பம் தன் கடன்காரர்களிடமும் திராட்சை விவசாயிகளிடமும் எப்படி நடந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான தணிக்கை அறிக்கை தேவையில்லை. அந்த இலையுதிர் காலத்தில் பீரங்கி முழக்கத்துக்கு நடுவே பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் திராட்சை பறித்தார்கள். பறிக்கும்போதே குண்டடி பட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். 1914 அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த ஷாம்பேன் ஆண்டுகளில் ஒன்றாக அமைந்தது.

ஓதெத் அனுப்பிய பெட்டிகள்

போல் ரோஜே என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் சர்ச்சில். அவர் வாங்கிய சரக்குக்கான 1908-ஆம் ஆண்டு விலைப்பட்டியல் இருக்கிறது. 1895-ஆம் ஆண்டு ஒயின் அதில் இடம்பெறுகிறது. ஆனால் உறவு நட்பாக மாறியது 1944 நவம்பரில். விடுதலையடைந்த பாரிசில் பிரிட்டிஷ் தூதர் டஃப் கூப்பர் அளித்த விருந்தில், மொரிசின் மருமகள் ஓதெத் போல்-ரோஜேயை அவர் சந்தித்தார். மேசையில் 1928-ஆம் ஆண்டு போல் ரோஜே. பாரிஸ் தெருக்களில் பச்சை நிறக் குடிநீர்க் குழாய்களை நிறுவிய ரிச்சர்ட் வாலஸின் வழிவந்தவர் ஓதெத். குடிநீர் கொடுத்தவர் வம்சத்தில் வந்து ஷாம்பேன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அதன்பின் சர்ச்சிலின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 1928-ஆம் ஆண்டு ஒயின் ஒரு பெட்டி போய்ச் சேர்ந்தது, 1953-இல் இருப்புத் தீரும்வரை. அவர் தன் பந்தயக் குதிரை ஒன்றுக்கும் ‘போல் ரோஜே’ என்று பெயர் வைத்தார். எப்பெர்னேக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், வரவே இல்லை.

1965-இல் அவர் மறைந்தபோது பிரிட்டனுக்குப் போகும் பாட்டில்களின் லேபிளைச் சுற்றிக் கறுப்புக் கரை போட்டார்கள். 1990-இல்தான் அது கருநீலமாக மாறியது. 1984-இல் சர்ச்சில் பிறந்த பிளெனம் மாளிகையில் அவர் பெயரிட்ட உயர்தர ஒயினை அறிமுகம் செய்தார்கள்; முதல் வெளியீடு 1975-ஆம் ஆண்டு திராட்சை, இரட்டை அளவுப் பாட்டில்களில் மட்டும். இன்று நிறுவனம் இருக்கும் தெருவுக்கும் சர்ச்சில் பெயர்தான்.

சந்தைப்படுத்தல் பாடநூலில் இதைப் ‘பிரபலத்தின் ஆதரவு’ என்ற தலைப்பில் அடக்கிவிடுவார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். இறந்தது 1965, அவர் பெயரில் ஒயின் வந்தது 1984. இடையில் 19 ஆண்டுகள். அடுத்த காலாண்டுக் கணக்கைப் பங்குதாரர்களுக்குக் காட்ட வேண்டிய நிறுவனம் மறுவாரமே வெளியிட்டிருக்கும். இங்கே நட்பையும் பாட்டிலில் அடைத்துக் கீழே வைத்துவிட்டார்கள்போல.

வாரிசும் வெளியாளும்

எப்பெர்னேயின் ஷாம்பேன் சாலையில் நடந்தால் வரிசையாக மாளிகைகள்; முதலாளிகளைப் பார்த்தால் படம் வேறு. மொயே எ ஷாந்தோன் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கையில், பெரியே-ஜூவே பெர்னோ ரிக்கார் என்ற மது நிறுவனத்தின் கையில். க்ருக் குடும்பம் தொடங்கிய ஷாம்பேன் நிறுவனம் 1999-இல் எல்விஎம்எச்சிடம் போனது. தெதான்ஜேர் குடும்பம் 2005-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் விற்றுவிட்டு, மறு ஆண்டே குடும்பத்தில் ஒருவர் வங்கித் துணையோடு மீட்டார். பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சொத்தில் கட்டாயப் பங்கு உண்டு. தலைமுறை தோறும் பங்குகள் சிதறும். கிளைகள் பெருகப் பெருக, “என் பங்கைக் காசாக்கிக் கொடு” என்று கேட்பவர் எண்ணிக்கையும் பெருகும். இருட்டில் நான்கு ஆண்டு படுத்திருக்கும் பாட்டிலைக் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்துவது எளிதல்ல.

போல் ரோஜே இன்னும் குடும்பத்திடமே இருக்கிறது. ஆனால் ‘குடும்பம்தான் எல்லாம்’ என்று அவர்கள் பிடிவாதமாக நின்றதில்லை. 1990களின் பிற்பகுதியில் நிர்வாகத்தைப் பர்கண்டி என்ற இன்னொரு பிரெஞ்சு ஒயின் வட்டாரத்திலிருந்து வந்த வெளியாளிடம் கொடுத்தார்கள். நிலவறைத் தலைவராக க்ருக்கில் 24 ஆண்டு பணிசெய்த தொமினிக் பெத்தி 1999-இல் வந்தார். ஒயின் செய்யும் கூடங்கள் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளோடு புதுப்பிக்கப்பட்டன. மேலே எல்லாம் புதுமை, கீழே 33 மீட்டரில் பழைமை: இந்தப் பிரிவினை எனக்குப் புத்திசாலித்தனமாகவே தெரிகிறது. உணர்ச்சிவசப்பட்டுப் பழைய மரத்தொட்டியைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

பலவீனமும் உண்டு. சொந்தத் தோட்டம் ஏறத்தாழ 90 ஹெக்டேர். தேவையில் பாதியைத்தான் அது தரும். மீதியை விவசாயிகளிடம் வாங்க வேண்டும். ஷாம்பேன் வட்டார நிலத்தில் பெரும்பகுதி சிறு விவசாயிகளுடையது. பெரிய குழுமங்களும் அதே திராட்சைக்காக அதே வாசலில் நிற்கின்றன. 1950களின் நடுப்பகுதிவரை இந்தக் குடும்பம் சொந்த நிலம் வாங்கவே தொடங்கவில்லை என்பது என் பார்வையில் அவர்கள் செய்த பெரிய தாமதம். காத்திருப்பதில் கைதேர்ந்தவர்கள் காத்திருக்கக் கூடாத இடத்திலும் காத்திருந்துவிட்டார்கள்.

2018, ஜனவரி

பொதியிடும் கூடம் ஒன்றைப் புதிதாகக் கட்டுவதற்கு நிறுவனம் தேர்ந்தெடுத்தது, 1900-இல் சரிந்த நிலவறையின் மேல் இருந்த மனையை. 2018 ஜனவரியில் அங்கே தோண்டிக்கொண்டிருந்தபோது நிலத்தடியில் ஒரு பொந்து தென்பட்டது. உடைந்த கண்ணாடிச் சில்லுகள். அவற்றுக்கிடையே உடையாத ஒரு பாட்டில். பிறகு ஆறு. பிறகு பத்தொன்பது. மொத்தம் 26. அதற்குள் மழை பிடித்துக்கொண்டு குழியில் தண்ணீர் நிற்கவே, தோண்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று மேலிருந்து இறங்கிய அதே ஈரம்.

1887 முதல் 1898 வரையிலான ஏதோ ஓர் ஆண்டின் ஒயின் அவை. 118 ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் ஒயின் கலங்காமல் தெளிந்திருந்தது; மட்டம் இறங்கவில்லை; தக்கைகள் இறுக்கமாகவே இருந்தன. ஆனால் அப்படியே திறந்து சுவைத்துவிட முடியாது. சரிவு நேர்ந்தபோது அவை இன்னும் முடிக்கப்படாத பாட்டில்கள். வண்டல் உள்ளேயே கிடந்தது. அதைக் கழுத்துக்கு இறக்கி வெளியேற்ற வேண்டும். 1900 பிப்ரவரியில் யாரோ திருப்பியிருக்க வேண்டிய பாட்டில்களை, கையால் திருப்பத் தெரிந்தவர்களிடம் கொடுத்தார்கள்.